1962 இறுதி ஆட்டத்தின் கோல்கள் பற்றி ஒரு திருத்தம்

கால்பந்து வீரர் சுனி கோஸ்வாமியை நினைவுகூரும், கொல்கத்தா கால்பந்துக் கழகமான மோகன் பகானின் ரசிகர்களுடைய பதிவுகளில், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டின் கால்பந்து இறுதி ஆட்டத்தில் அவர் அடித்த கோலே இந்தியாவுக்குத் தங்கம் பெற்றுத் தந்தது என்ற செய்தி பகிரப்படுகிறது. அந்த அணியின் கேப்டன் அவர்தான் என்பதில் ஐயமில்லை. ஆனால் தென் கொரியாவை 2-1 என வென்ற அந்த ஆட்டத்தில் கோல் அடித்தவர்கள் பி.கே. பானர்ஜியும் ஜர்னைல் சிங்கும் ஆவர். தற்காப்பு ஆட்டக்காரரான ஜர்னைல், முந்தைய ஆட்டமொன்றில் தலையில் காயம்பட்டுத் தையல் போட்டிருந்த நிலையில், கட்டுடன் முன்கள வீரராக இறக்கப்பட்டவர் என்பதால், அவருடைய கோல் வேறொருவர் கணக்கில் சேர்வது சற்று வருத்தமளிக்கிறது. அவரும் மோகன் பகான் வீரர்தானே.

தெற்கு வியட்நாமை 3-2 என வீழ்த்திய அரையிறுதியில் சுனி இரண்டு கோல்கள் அடித்தார். குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம். ஐயமுள்ளவர்கள், கால்பந்துப் புள்ளிவிவரத் தளங்களில் 1962 ஆசிய விளையாட்டுப் பக்கத்தைத் திறந்து, அரையிறுதி, இறுதி ஆகிய இரு ஆட்டங்களிலும் கோல் அடித்தவர்களின் பெயர்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம். நூலக வசதி உள்ளவர்கள் 1962 செப்டம்பர் 5 நாளிட்ட நாளிதழ்களைப் புரட்டலாம்.