மரியோவைக் காப்பாற்ற ஆள் இருக்கிறது, நம்ம கேசட்டுக்கு யார் இருக்கிறார்கள்?

பழைய வீடியோ கேம்களைப் பாதுகாக்க வேண்டும் என்று பேச்சு வந்தாலே எல்லோரும் மரியோவையும் கான்ட்ராவையும்தான் சொல்கிறார்கள். எனக்கு அவற்றைப் பற்றிக் கவலையே இல்லை. அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் இருக்கும் ஸ்ட்ராங் அருங்காட்சியகம் 2015-ல் வீடியோ கேம்களுக்கென்று ஒரு புகழ்க்கூடம் தொடங்கியபோது முதல் ஆண்டே மரியோவுக்கு இடம் கிடைத்துவிட்டது. என் கவலையெல்லாம் நம்ம ஊரில் ஓடிய டூப்ளிகேட் வீடியோ கேம் கேசட்டுகளைப் பற்றித்தான்.

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் பங்காளிகள் கூடும்போது பிள்ளைகள் கூட்டம் டிவியைச் சுற்றித்தான் இருக்கும். ஆன்டெனா வயரைக் கழற்றிவிட்டு டிவி கேம் வயரைச் சொருகி, சேனலைத் திருகித் திருகிப் புள்ளி மழைக்குள்ளிருந்து படத்தைக் கொண்டுவருவதற்கே ஒரு அண்ணன் வேண்டும். சிங்கப்பூரிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ யாராவது ஒரு அம்மான் வாங்கி வந்த பெட்டியாக இருக்கும், இல்லையென்றால் மதுரையில் வாங்கியது. வோல்டேஜ் குறைந்தால் படம் ஆடும். "கண்ணு கெட்டுப்போகும், சாப்பிட வாங்கப்பா" என்று அப்பத்தா சத்தம் போடுவார்கள். யாரும் எழுந்திருக்க மாட்டோம்.

அந்தப் பெட்டி நின்டெண்டோ 1983-ல் ஜப்பானில் விட்ட ஃபேமிகாம் என்ற வீடியோ கேம் பெட்டியின் நகல். கேசட்டும் நகல்தான். மேலே 9999 இன் 1 என்று போட்டிருக்கும், உள்ளே கைவிரல் விட்டு எண்ணக்கூடிய அளவு ஆட்டங்களே இருக்கும். அதே ஆட்டத்தை வேறு கட்டத்திலிருந்தோ வேறு துப்பாக்கியோடோ தொடங்க வைத்து எண்ணிக்கையைக் கூட்டியிருப்பார்கள். அப்புறம் நாம் விழுந்து விழுந்து ஆடிய டேங்க் 1990 இருக்கிறதே, அது நாம்கோ கம்பெனி 1985-ல் செய்த பேட்டில் சிட்டியை யாரோ திருத்திச் செய்தது. திருத்தியவர் பேர் தெரியாது. ஆனால் நம் தலைமுறைக்கு அதுதான் அசல்.

இதைத் திருட்டுச் சரக்கு என்று ஒதுக்கிவிட எனக்கு மனசு வரவில்லை. ரஷ்யாவில் 1992-ல் வந்த டெண்டியும் இதே மாதிரி நகல் பெட்டிதான். அந்த நாட்டுக்காரர்கள் அதைத் தங்கள் பிள்ளைப் பருவத்தின் சொத்தாகவே கொண்டாடுகிறார்கள், கேசட் கேசட்டாக எடுத்துப் பதிவும் செய்கிறார்கள். நாம் மட்டும் பேரீச்சம்பழத்துக்குப் போடுகிறோம்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் பர்மா தேக்குக் கதவுக்கு விலை உண்டு, எனாமல் தூக்குக்கு விலை உண்டு. அங்கே ஒரு கடையின் மூலையில் அட்டைப்பெட்டி நிறையக் கேசட்டுகளைப் பார்த்தேன். "அதெல்லாம் ஓடாதுண்ணே, பிளாஸ்டிக்கு எடைக்குப் போடத்தான் வச்சிருக்கேன்" என்றார் கடைக்காரர். ஒன்றைத் திறந்து பார்த்தேன். பச்சைப் பலகையின் நடுவில் கறுப்புப் பிசின் சொட்டு ஒன்று, விபூதிப் பொட்டளவுக்கு. சிப் அதற்குள்தான் இருக்கிறது. கழற்றி எடுக்க வழியில்லை. ஓரத்தில் இருக்கும் 60 பின்கள் வழியாகத்தான் உள்ளே இருப்பதைப் படித்து கணினியில் நகலெடுக்க முடியும். அந்தப் பின்களில் களிம்பு ஏற ஆரம்பித்திருந்தது. ஊதி ஊதிப் போட்டோமே, அந்த எச்சில் ஈரமும் அதற்கு ஒரு காரணம். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தால் பல கேசட்டுகள் இன்றும் பேசும்.

உலக நிலைமையும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் 2010-க்கு முன் வந்த பழைய கேம்களில் 87% இன்று கடையில் வாங்கவே கிடைக்காது. நூலகங்கள் அவற்றை ஆய்வாளர்களுக்கு இணையம் வழியாகத் திறந்துவிட அனுமதி கேட்டன. 2024 அக்டோபரில் அந்த நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. விற்கவும் மாட்டோம், வைத்துக் காட்டவும் விடமாட்டோம் என்பது எந்த ஊர் நியாயம்? முறையாக விற்ற சரக்குக்கே இந்தக் கதி என்றால், கம்பெனி பேரே இல்லாத நம் கேசட்டுக்காக யார் வாதாடுவார்கள்?

நம் வீடுகளில் பித்தளைச் சட்டிக்குக்கூட விலாசம் வெட்டி வைத்தார்கள். பெண்ணுக்குக் கொடுத்த சாமானை ஒன்றுவிடாமல் பட்டியல் எழுதினார்கள். அந்தப் பழக்கம் இதற்கும் வரவேண்டும். வளவு அறைகளிலும் பரணிலும் கேசட் இருந்தால் எடுத்து, லேபிளை முன்னும் பின்னும் படம் பிடியுங்கள். யார் கொண்டுவந்தது, எந்த ஊர், ஏறக்குறைய எந்த வருஷம் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கூடவே வையுங்கள். லேபிள் கிழிந்திருந்தாலும் ஓடாவிட்டாலும் பரவாயில்லை, தயவுசெய்து எடைக்கு மட்டும் போடாதீர்கள். நகலெடுக்கும் கருவி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் யாரிடம் இருந்தாலும் உள்பெட்டியில் சொல்லுங்கள். நானே வீட்டுக்கு வந்து உங்கள் கண் முன்னாலேயே நகலெடுத்துவிட்டுக் கேசட்டைத் திருப்பித் தந்துவிடுகிறேன்.