தக்காளி எத்தனை கை மாறி வருகிறது?

உள்ளூர்க் காய்கறி வாங்கச் சொல்லி வரும் பதிவுகளில் டீசல் கணக்குதான் முதலில் நிற்கும். எனக்கும் உள்ளூர்க் காய்தான் வேண்டும், ஆனால் டீசலுக்காக மட்டும் அதைக் கேட்டால் வாதம் பாதி வழியிலேயே படுத்துவிடும். பத்து டன் ஏற்றிவரும் லாரியில் கிலோவுக்கு ஆகும் டீசல் கொஞ்சம்தான். உணவால் வெளியாகும் கரிமத்தில் பெரும்பங்கு வயலிலும் உரத்திலும் கால்நடையிலும் உண்டாவது; போக்குவரத்தின் பங்கு சிறியது. நான் பார்ப்பது, வயலுக்கும் நம் அடுப்புக்கும் நடுவில் காய் எத்தனை கை மாறுகிறது என்பதை.

ஒட்டன்சத்திரம் பக்கம் பறித்த தக்காளி முதலில் கமிஷன் மண்டிக்குப் போகிறது. அங்கே ஏலம், பிறகு வெளியூர் மொத்த வியாபாரி, அந்த ஊர் மார்க்கெட், தெருமுனைக் கடை. ஒவ்வொரு இடத்திலும் ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, கொஞ்சம் நசுங்கல், கொஞ்சம் அழுகல். இவர்களில் யாரையும் நான் திருடன் என்று சொல்லவில்லை, எல்லோரும் உழைக்கிறார்கள். ஆனால் ரிசர்வ் வங்கி 2024இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைப்படி, நாம் தக்காளிக்குக் கொடுக்கும் ஒரு ரூபாயில் விவசாயிக்குப் போவது சுமார் 33 பைசா. வெங்காயத்தில் 36, உருளைக்கிழங்கில் 37. விலை சரியும்போது பறிகூலிக்கே கட்டாமல் தக்காளியைச் சாலையோரம் கொட்டுகிறார்கள். அதை விளைவிக்கப் போன தண்ணீர், உரம், மின்சாரம் எல்லாம் அதோடு மண்ணில்தான். சுற்றுச்சூழல் இழப்பு என்றால் எனக்கு முதலில் கண்ணில் படுவது அந்தக் குவியல்.

நாட்டுத் தக்காளியை எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய தோல், வரிவரியாய்ப் பள்ளம், கையில் எடுத்தாலே குழையும், ரசத்துக்கு அதன் புளிப்பு வேறு எதிலும் வராது. பெட்டியில் அடுக்கி ஒரு ராத்திரி லாரியில் போனால் அடித்தட்டு முழுக்கச் சாறாகிவிடும். அதனால்தான் நெடுந்தூரச் சந்தை கெட்டித்தோல் ஹைப்ரிட்டையே கேட்கிறது, விவசாயியும் அதையே நடுகிறார். பறித்த அன்றே விற்கிற சந்தை இருக்கும் இடத்தில்தான் இந்த ரகத்துக்குப் பிழைப்பு. கீரைக்கும் அதே கதைதான்.

இதற்கெல்லாம் நாம் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறந்தது. விவசாயி என்று அதிகாரிகள் சரிபார்த்துத் தரும் அடையாள அட்டை, வாடகையில்லாத கடை, இலவசத் தராசு, காலையில் பலகையில் எழுதும் விலை. மொத்த விலையைவிட ஏறக்குறைய 20 சதவீதம் கூட, வெளிச்சில்லறையைவிட 15 சதவீதம் குறைவு என்பது அந்த விலையின் கணக்கு. விற்பவருக்கும் லாபம், வாங்குபவருக்கும் லாபம். இவ்வளவு நல்ல ஏற்பாடு 2001இல் ஆட்சி மாறியதும் கவனிப்பாரற்றுப் போனது, 2006இல்தான் மறுபடி உயிர் வந்தது. எந்தக் கட்சி கொண்டுவந்தது என்று பார்த்துச் சந்தையை வாடவிடுவது விவசாயிக்குச் செய்யும் துரோகம். கடுமையான சொல்தான், தெரிந்தே எழுதுகிறேன்.

ஒரே பெரிய சந்தையை நம்பினால் என்ன ஆகும் என்பதை 2020 மே மாதம் சென்னை பார்த்தது. கொரோனா பரவலால் கோயம்பேடு மூடப்பட்டு, திருமழிசையில் தற்காலிகச் சந்தை அமைக்கும்வரை நகரமே காய்க்குத் தவித்தது.

உழவர் சந்தையில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். விவசாயி பெயரில் வியாபாரி உட்கார்ந்திருக்கிறார் என்ற புகார் பல ஊர்களில் உண்டு. அட்டையில் இருக்கிற பயிர் வயலிலும் இருக்கிறதா என்று அதிகாரிகள் போய்ப் பார்க்க வேண்டும். விடியற்காலைச் சந்தைக்கு வேலைக்குப் போகிறவர்களால் வர முடிவதில்லை, மாலை விற்பனை எல்லா ஊரிலும் வேண்டும். மிஞ்சிய காயை வைக்கக் குளிர்பதன அறையும் ஓடுகிற நிலையில் இருக்க வேண்டும். நாமும் வருஷம் முழுக்க கேரட், பீன்ஸ் என்று இங்கிலீஷ் காயையே தேடாமல், புடலையும் பீர்க்கையும் கொத்தவரையும் வரும் நாளில் அதை வாங்க வேண்டும். கீரைக்காரம்மாவிடம் ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசாதீர்கள், தயவுசெய்து.

அரசிடம் நான் முக்கியமாகக் கேட்பது வேறொன்று. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், அடுத்த ஆண்டே மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் போய்விட்டது. லட்சக்கணக்கான பிள்ளைகளுக்குப் பள்ளி நாளெல்லாம் காய்கறிச் சாம்பார். இவ்வளவு நிச்சயமான வாடிக்கையாளர் எந்த விவசாயிக்குக் கிடைப்பார்? அந்தச் சாம்பாருக்கான கத்தரியையும் பூசணியையும் முருங்கையையும் அதே ஒன்றியத்து விவசாயிகளிடம், விதைக்கும் முன்பே பேசி முடித்த விலைக்கு வாங்க ஓர் ஆணை போடுங்கள். சத்துணவுக்கும் மாணவர் விடுதிகளுக்கும் அதையே நீட்டலாம். உங்கள் ஊர்ப் பள்ளிச் சமையலுக்குக் காய் எங்கிருந்து வருகிறது என்று விசாரித்துக் கமெண்டில் எழுதுங்கள். அடுத்த கிராம சபையில் எங்கள் ஊரில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரப் போகிறோம்.