நான் குடிக்கும் தண்ணீரின் ஊர்

பர்மிங்காமில் எங்கள் வீட்டுக் கெட்டிலுக்குள் பார்த்தால் அடியில் வெள்ளை வெள்ளையாக உப்பு படிந்திருக்காது. லண்டனில் இருக்கும் என் தங்கை மாதம் ஒரு தடவை வினிகர் ஊற்றித்தான் அவள் கெட்டிலைக் கழுவ வேண்டியிருக்கிறது. வித்தியாசம் தண்ணீரில்தான். எங்கள் குழாயில் வருவது வேல்ஸ் மலையில் பெய்த மழை. எலன் பள்ளத்தாக்கில் அணை கட்டித் தேக்கி, 73 மைல் தூரத்துக்குப் பம்பு எதுவும் வைக்காமல், வெறும் சரிவிலேயே ஓடவிட்டு இங்கே கொண்டுவருகிறார்கள். 1904-ல் திறந்துவைத்த ஏற்பாடு, இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது.

2022 கோடையில் மழை பொய்த்தபோது அந்த அணையைப் பார்க்கப் போனோம். காபன் கோக் நீர்த்தேக்கத்தில் தண்ணீர் கீழே இறங்கி, காய்ந்து வெடித்த சேற்றுக்கு நடுவே ஒரு கற்சுவர் நீண்டு கிடந்தது. நான்ட்குவில்ட் என்ற வீட்டின் தோட்டச் சுவர் அது. கவிஞர் ஷெல்லி 1812-ல் தன் இளம் மனைவியோடு வந்து தங்கிய வீடு. அதனால் அந்த வீட்டைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள். ஆனால் அந்தப் பள்ளத்தாக்கில் 18 பண்ணைகளும் ஒரு பள்ளிக்கூடமும் ஒரு தேவாலயமும் கூடத்தான் மூழ்கின. சுமார் நூறு பேர் வீட்டைக் காலிசெய்துவிட்டுப் போனார்கள். நிலம் சொந்தமாக வைத்திருந்தவர்களுக்கு நஷ்டஈடு கிடைத்தது. குத்தகைக்கு உழுதவர்கள் வெறுங்கையோடு போனார்கள்.

யார் அந்த நூறு பேர்? வீட்டுக்கு வந்த பிறகும் இந்தக் கேள்வி விடவில்லை. தேடப் போய்த்தான் அந்தப் பள்ளத்தாக்குப் பக்கத்து வரலாற்றுச் சங்கமான ராட்னர்ஷயர் சொசைட்டியின் ஆண்டிதழ்கள் கண்ணில் பட்டன.

ராட்னர்ஷயர் என்று இன்றைக்கு நிர்வாகத்தில் ஒரு கவுண்டி, அதாவது நம்மூர் மாவட்டம் மாதிரி, கிடையாது. 1536-ல் உண்டானது, 1974-ல் பக்கத்துக் கவுண்டிகளோடு சேர்த்து பவிஸ் ஆக்கிவிட்டார்கள். இருந்த காலத்திலும் பெரிய ஊர் இல்லை, பெரிய பணக்காரர் இல்லை. 1901 கணக்கெடுப்பில் மொத்த ஜனத்தொகையே 23,000 சொச்சம்தான். அப்படிப்பட்ட இடத்தில் 1930-ல் சிலர் கூடி வரலாற்றுச் சங்கம் ஒன்றை ஆரம்பித்தார்கள். அடுத்த வருஷமே முதல் ஆண்டிதழ் வந்துவிட்டது. கவுண்டி போன பிறகும் சங்கம் நிற்கவில்லை. பழைய இதழ்களை அபெரிஸ்ட்வித்தில் உள்ள வேல்ஸ் தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாகவே போட்டிருக்கிறது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

ராத்திரி பிள்ளைகள் தூங்கின பிறகு நான் அதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் படிப்புதான் என்னை பிரஸ்டீன் ஊர் தேவாலயத் தோட்டம் வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தியது.

அங்கே ஒரே பெண்ணுக்கு இரண்டு கல்லறைக் கற்கள். பெயர் மேரி மோர்கன். மைஸ்லூக் மாளிகையில் சமையற்கட்டு உதவிக்கு இருந்தவள். 1804 செப்டம்பரில் அந்த வீட்டு மாடி அறையில் யாருக்கும் தெரியாமல் பிள்ளை பெற்று, அதைக் கொன்றுவிட்டாள். 1805 ஏப்ரல் 11 தீர்ப்பு, 13 தூக்கு. முதல் கல், நீதிபதியின் நண்பரான ஒரு பிரபு வைத்தது. பாவம், அவமானம், அவளை மனம் திருந்தச் செய்த நீதிபதியின் கருணை என்று நீளமாகப் பேசுகிறது. இரண்டாவது கல் சின்னது. பெயர், தேதி, வயது 17. அதற்குக் கீழே யோவான் சுவிசேஷத்திலிருந்து ஒரே வரி: உங்களில் பாவமில்லாதவன் இவள்மேல் முதலாவது கல்லெறியக்கடவன். முதல் கல்லைப் படித்துவிட்டு இதற்கு வந்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

இந்தக் கதைக்கு ஊரில் ஒரு வால் உண்டு. மன்னிப்புக் கடிதம் வாங்க லண்டனுக்கு ஒருவர் குதிரையில் பறந்தாராம், திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கொலைக்குற்றம் என்றால் தீர்ப்புக்கு மூன்றாம் நாளே தூக்கு என்பது 1752 முதல் சட்டம். லண்டன் அங்கிருந்து சுமார் 150 மைல். போக வர 300. இரண்டு நாளில் குதிரையில் நடக்கிற காரியமா? இப்படிக் கணக்குப் போட்டுப் பார்க்கத்தான் நமக்குத் தேதியும் சட்டமும் தூரமும் சரியாக எழுதிவைத்த ஆட்கள் வேண்டும். கணக்குப் போட்ட பிறகு கதை இன்னும் கனத்துப் போகிறது. ஏனென்றால், அதற்கு இரண்டு வருஷம் முன்னால் 1803-லேயே புதுச் சட்டம் வந்துவிட்டது. இந்த மாதிரி வழக்கில் கொலை நிரூபணமாகவில்லை என்றால், பிறப்பை மறைத்த குற்றத்துக்கு அதிகபட்சம் இரண்டு வருஷச் சிறையோடு விட ஜூரிகளுக்கு வழி இருந்தது. அந்த வழி மேரிக்குத் திறக்கவில்லை.

அந்த மாளிகைக்காரர் வால்டர் வில்கின்ஸ், ராட்னர்ஷயரின் நாடாளுமன்ற உறுப்பினர். அவருடைய பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? வங்காளத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகம். அதைப் படித்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். வேல்ஸின் ஒரு மூலையில் அடுப்படியில் நின்ற பெண்ணின் கதைக்குள் வங்காளத்துக் காசு இருக்கிறது.

உள்ளூர் வரலாறு என்றால் ரிட்டயர் ஆனவர்களின் பொழுதுபோக்கு என்று படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்குக் கோபம் வருகிறது. பல்கலைக்கழகப் புத்தகத்தில் இரண்டு வரியாக வருகிற விஷயத்துக்குப் பின்னால், ஞாயிற்றுக்கிழமை மழையில் முழங்கால் போட்டுப் பாசியைத் துடைத்துக் கல்லெழுத்தைப் படித்தவர் ஒருவர் இருப்பார். சம்பளம் கிடையாது. தப்பாக எழுதினால் அடுத்த வருஷ இதழில் பக்கத்துப் பண்ணைக்காரரே திருத்திவிடுவார் என்ற பயம் மட்டும் உண்டு. அந்தப் பயத்தைவிட நல்ல கட்டுப்பாடு எனக்குத் தெரியவில்லை.

வயல் பெயர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 1836 சட்டத்துக்குப் பிறகு தேவாலய வரிக்காக ஒவ்வொரு வயலையும் வரைபடமாக்கிப் பெயரும் எழுதினார்கள். வேல்ஸுக்கு மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வரைபடங்கள். அதையெல்லாம் இணையத்தில் தேடும்படி படித்துத் தட்டச்சு செய்தவர்கள் தன்னார்வலர்கள்தான். ராட்னர்ஷயரில் வெல்ஷ் மொழி பெரும்பாலும் பேச்சிலிருந்து போய் ரொம்ப காலமாகிறது. வயல்களில் மட்டும் அது போகவில்லை. கய் என்றால் வயல், டோல் என்றால் ஆற்றோர வெளி, ஃபுனான் என்றால் ஊற்று. இங்கிலீஷ் பேசும் விவசாயி, அர்த்தம் தெரியாமலே தினமும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் ஆடு ஓட்டுகிறார்.

பர்மிங்காமில் இருக்கிற நம் ஆட்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்தச் சங்கத்தில் வெளியூர்க்காரர்களும் சேரலாம். நம் வீட்டில் சோறு பொங்குகிற தண்ணீர், அந்தக் குத்தகைக்காரர்களின் கொல்லைமேல் தேங்கி நிற்கிற தண்ணீர். அவர்கள் பெயரை எழுதிவைக்கிறவர்களுக்கு நாம் ஒரு சந்தா கொடுக்கக் கூடாதா?

அந்தச் சின்னக் கல்லை யார் வைத்தார்கள் என்று கல்லில் இல்லை. பிரபுவின் கல்லுக்கு எதிரில் அந்த ஒரு வரியை வெட்டச் சொன்னவர் யார், கல்தச்சனுக்குக் கூலி கொடுத்தவர் யார்? ஒவ்வொரு வருஷ இதழிலும் நான் பொருளடக்கத்தில் முதலில் தேடுவது அந்தப் பெயரைத்தான்.