"மேனுவல்ல போட்டு எடுங்க" என்று இனி யாரும் சொல்லாதீர்கள்

கேமராவில் எக்ஸ்போஷர், அதாவது படத்தில் பதியும் வெளிச்சம், படத்துக்குப் படம் மாறுகிறது என்று வாயைத் திறந்தால் போதும். கடைக்காரர், சீனியர், சர்வீஸ் சென்டர் கவுன்டரில் உட்கார்ந்திருப்பவர், எல்லோரிடமும் ஒரே பதில் தயாராக இருக்கிறது: "மேனுவல்ல போட்டு எடுங்க."

எல்லா எண்ணையும் நாமே வைக்கும் அந்த மேனுவலில்தான் ஐயா எடுத்தேன்! ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/500 விநாடி, லென்ஸ் திறப்பு எஃப் 4, சென்சாரின் உணர்திறன் ஐஎஸ்ஓ 3200. ஆட்டோ ஐஎஸ்ஓவையும் அணைத்துத்தான் வைத்திருந்தேன். அதை அணைக்காமல் விட்டால் மேனுவலில் இருந்தாலும் கேமரா தன் இஷ்டத்துக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும். "மேனுவல்ல போடு" என்று சொல்பவர்களில் பாதிப் பேர் இதைக்கூடக் கேட்பதில்லை.

கல்யாண மண்டபம். கெட்டிமேளம் முழங்குகிறது, மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கிறார், நான் தொடர்ச்சியாகத் தட்டுகிறேன். முதல் படம் பளிச்சென்று இருக்கிறது. அடுத்ததில் மேல்பாதி சரி, கீழ்பாதியில் பெண்ணின் அரக்குப் பட்டு மங்கி, பழுப்பேறிக் கிடக்கிறது. அதற்கடுத்தது மொத்தமாக ஒரு ஸ்டாப் இருட்டு, அதாவது பாதி வெளிச்சம்தான். மூன்றும் ஒரே விநாடியில் எடுத்தவை, மூன்றிலும் அதே எண்கள். ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க வந்த பெண்ணின் அம்மா கேட்கிறார்: "தம்பி, தாலி கட்டுற போட்டோ மட்டும் ஏன் இப்படி இருட்டடிச்சிருக்கு?" அவருக்கு நான் என்ன சொல்வது? தாலியை இன்னொரு முறை கட்டச் சொல்ல முடியுமா?

காரணம் கேமராவில் இல்லை, மேடை விளக்கில் இருக்கிறது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடியும் பழைய டியூப்லைட்டும் அதனோடு சேர்ந்து விநாடிக்கு 100 முறை ஏறி இறங்கும். கண்ணுக்கு அது தெரியாது. 1/100 விநாடி ஷட்டர் திறந்திருந்தால் ஒரு முழு ஏற்ற இறக்கமும் படத்தில் பதிந்துவிடும், வெளிச்சம் சமமாக இருக்கும். 1/500 வைத்தால் அந்தச் சுற்றில் ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே சிக்கும். அது உச்சமா, பள்ளமா என்பது நம் கையில் இல்லை. ஷட்டர் திரையும் மேலிருந்து கீழாக ஓடுவதால் பாதிப் படம் ஒரு மாதிரி, மீதி வேறு மாதிரி. சத்தமில்லாமல் எடுக்கலாமே என்று, திரை ஓடாமல் சென்சாரே வேலையைச் செய்யும் எலக்ட்ரானிக் ஷட்டருக்குப் போனால், பல கேமராக்களில் சென்சாரை வாசிக்கவே நேரம் பிடிக்கும், படம் முழுக்கப் பட்டை பட்டையாக விழுந்துவிடும். இதில் எங்கே ஐயா வருகிறது மேனுவல்?

2014இல் கேனான் 7டி மார்க் 2லேயே ஆன்டி ஃப்ளிக்கர் வசதி வந்துவிட்டது. விளக்கு உச்சத்துக்கு வரும் நொடிவரை காத்திருந்து கேமரா படம் எடுக்கும். இத்தனை வருஷம் ஆகியும் எத்தனை கடைகளில் கேமராவை விற்கும்போது இதைத் திறந்து காட்டுகிறார்கள்? மேடைக்குப் பின்னால் நிற்கும் எல்இடி திரை, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் போட்ட பார் (PAR) மேடை விளக்கு எல்லாம் இந்த 100 கணக்கிலும் அடங்காது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் துடிக்கும். டிம்மரை முழுக்க ஏற்றிவிட்டால் பல விளக்குகளில் துடிப்பு அடங்கிவிடும். அதைக் கேட்டால் லைட்காரர், "அண்ணே, பளிச்சுனுதானே எரியுது, உங்க கேமராவைப் பாருங்க" என்கிறார்.

சரி, மண்டபத்தை விடுவோம். நல்ல வெயிலில், வெளியில் எடுக்கும்போதும் மாறினால்? அப்போது சந்தேகப்பட வேண்டியது லென்ஸை. உள்ளே கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர் கேமராவில் நாம் பார்க்கும்போது லென்ஸ் முழுக்கத் திறந்தே இருக்கும். ஷட்டர் அடிக்கும் கணத்தில்தான் அபெர்ச்சர் (லென்ஸ் திறப்பு) இதழ்கள் எஃப் 8க்கோ 11க்கோ சுருங்கும். இதழில் எண்ணெய் படிந்திருந்தாலோ, அதை இயக்கும் லீவர் வளைந்திருந்தாலோ உரிய நேரத்தில் சுருங்காது. ஒரு படம் சரியாக வரும், அடுத்தது வெளுத்துப்போகும்.

இதைக் கண்டுபிடிக்க லேப் எதுவும் வேண்டாம். வெயில் ஒரே சீராக விழும் சுவர் ஒன்று போதும். மேனுவலில் வைத்து, லென்ஸை முழுக்கத் திறந்து பத்துப் படம். அப்புறம் எஃப் 11இல், ஷட்டரை அதற்கேற்ப மாற்றிக்கொண்டு, பத்துப் படம். முதல் பத்தும் ஒன்றுபோல் இருந்து, இரண்டாவது பத்து மட்டும் ஆடினால் பெரும்பாலும் அபெர்ச்சர்தான். இரண்டிலும் ஆடினால் ஷட்டரைப் பார்க்க வேண்டும். வேறு லென்ஸ் மாட்டினால் சரியாகிறதா என்று பார்த்தால் இன்னும் தெளிவாகிவிடும். பத்து நிமிட வேலை!

இந்தப் பத்து நிமிடத்தைத்தான் எனக்கு யாரும் தரவில்லை. லென்ஸோடு கேமராவைச் சர்வீஸ் சென்டரில் கொடுத்தேன், வாரக்கணக்கில் வைத்திருந்தார்கள். எஃப் 11இல் மட்டும் மாறுகிறது என்று எழுதியே கொடுத்தேன், மாதிரிப் படங்களையும் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். திரும்பி வந்த ஜாப் ஷீட்டில் "பழுது எதுவும் இல்லை" என்று ஒரு வரி, கூடவே பரிசோதனைக் கட்டணம். "எந்த அபெர்ச்சர்ல டெஸ்ட் பண்ணீங்க?" என்று கேட்டேன். கவுன்டரில் இருந்தவர் உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்து, "லென்ஸ் ஃபுல் ஓப்பன்ல சார், எல்லாம் நல்லாத்தான் வருது" என்றார். இதழே அசையாத இடத்தில் வைத்து இதழைச் சோதித்திருக்கிறார்கள்! அதோடு, "இந்த பாடி பழசாயிடுச்சு சார், எக்ஸ்சேஞ்ச்ல போட்டுடுங்களேன்" என்று ஒரு யோசனை வேறு. லென்ஸில் பழுது இருக்க, பாடியை மாற்ற வேண்டுமாம். கடன் வாங்கி கேமரா வாங்கி, முகூர்த்த மாதங்களில் மட்டும் சம்பாதிக்கிறவனிடம் சொல்கிற பேச்சா இது?

இனி கேமராவையோ லென்ஸையோ உள்ளே கொடுக்கும்போதே கவுன்டரில் ஒன்று கேட்கப்போகிறேன். நீங்களும் கேளுங்கள். எந்த எஃப் எண்ணில், எந்த ஷட்டர் வேகத்தில், எந்த வெளிச்சத்தில், எத்தனை படம் எடுத்துச் சோதித்தீர்கள் என்று ஜாப் ஷீட்டில் எழுதிக் கொடுங்கள். எழுதாவிட்டால் பரிசோதனைக் கட்டணம் கிடையாது.