கொக்குக்கு ஒரு நல்ல பொய் வேண்டும்

கொக்கும் நண்டும் கதையைப் படப்புத்தகமாகப் போடுகிறவர்கள் பலர், சிரிப்பை வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டுகிறார்கள். கொக்குக்குக் கூலிங்கிளாஸ், நண்டுக்குத் தலைப்பாகை. இதெல்லாம் தேவையே இல்லை. இந்தக் கதையின் சிரிப்பு கொக்கு சொல்லும் பொய்யில் இருக்கிறது.

பஞ்சதந்திரத்தில் அது 12 வருடப் பஞ்சம் வருகிறது என்று சொல்லும். காவிரி டெல்டாப் பிள்ளைகளுக்கு வீட்டுத் திண்ணையிலேயே கேட்ட பொய் ஒன்று உண்டு: "இந்த வருசம் மேட்டூரு தொறக்க மாட்டாங்களாம்!" மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்கு ஒரு வாரம் இருக்கிறது, குளத்தில் முழங்கால் தண்ணீர். பெரியவர்களே கலங்கும் பேச்சு அது, அயிரை மீன் நம்பாமல் என்ன செய்யும்? விரால் மட்டும் அசையக் கூடாது. அது மேலே வந்து காற்றைக் குடிக்கும் மீன், சேற்றிலும் தாங்கும். எல்லோரும் அழும் பக்கத்தில் அது கொட்டாவி விடட்டும்.

மூலத்தில் கொக்கு மீனைத் தின்பது பாறைமேல். வண்டல் மண்ணில் பாறைக்கு எங்கே போவது? மதகுச் சுவர் போதும். பறவையையும் வயலில் நிற்கும் குட்டைக் கொக்கான மடையானாகவே வரையுங்கள். உட்கார்ந்தால் சேற்று நிறம், பறந்தால் சிறகு வெள்ளை. பக்கம் திருப்பும்போது வருகிற அந்த மாற்றமே ஒரு வேடிக்கை. நண்டைச் சிவப்பாகத் தீட்டாதீர்கள், சிவந்தது வெந்த நண்டு. வயல் நண்டு கரும்பழுப்பு.

32 பக்கத்தில் தலைப்பு, பதிப்பு விவரம் போக 14 விரிபக்கம் (எதிரெதிரே விரியும் இரண்டு பக்கம்) மிஞ்சும். பொய்க்கு 3, மீன் சுமக்க 5, நண்டின் சவாரிக்கு 4, முடிவுக்கு 2. முதல் இரண்டு மீனுக்கும் ஒரே வாக்கியம், எழுத்துகூட மாறாமல். மூன்றாவதில் பாதி. நான்காவதில் எழுத்தே வேண்டாம், கொக்கின் தொப்பை மட்டும். "பெரிய ஏரியில விட்டுட்டேன்" என்று எழுத்து சொல்ல, படத்தில் மதகின்மேல் முள் குவிந்திருக்க வேண்டும். மீனுக்குத் தெரியாதது தனக்குத் தெரியும் என்பதில்தான் குழந்தை சிரிக்கிறது. "கொக்கு ஏமாற்றியது" என்று எழுதிவிட்டால் அது போச்சு.

நண்டு முள்ளைப் பார்க்கும் இடத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். "அதென்ன வெள்ளையா?" என்ற கேள்வி வலப்பக்கத்தின் கடைசி வரியில் நிற்க வேண்டும், முள் அடுத்த தாளில். இரண்டும் எதிரெதிர்ப் பக்கத்தில் இருந்தால், கேள்வியைப் படிக்குமுன் கண் விடைக்கு ஓடிவிடும். கொடுக்கு கழுத்தைப் பிடிக்கும் படம் நடு மடிப்பில் விழாமல் அரை அங்குலம் தள்ளுங்கள். மடிப்பில் போனால் கழுத்தே காணாது.

கழுத்து அறுபடுவதை மாற்றி, கொக்கு மன்னிப்புக் கேட்பதாக எழுதுகிறார்கள். அத்தனை மீனைத் தின்ற பிறகு மன்னிப்பா? குழந்தைகள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ரத்தம் வேண்டாம், நான்கு வெள்ளை இறகு பறந்தால் போதும்.

கடைசி விரிபக்கத்தில் பெரும்பாலும் 'நீதி' என்று ஒரு கட்டம் வரும். அதை எடுத்துவிட்டு அந்த இடம் முழுக்க வாய்க்காலை வரையுங்கள். நண்டு வரப்பில் பக்கவாட்டாகத் திரும்பி நடக்கிறது. எதிரே நுரையும் சருகுமாகப் புதுத்தண்ணீர் வருகிறது.