நிமிர்ந்து நின்றால் சரி

(லண்டன், 1463. நான்காம் எட்வர்டு மன்னரின் உடைச் சட்டம் வந்த புதிது. ஒரு தையல் கடை.)

பணியாள்: கோட்டை இடுப்போட வெட்டிடுங்க பெரியவரே. எங்க எஜமான் போட்டிருக்காரே, அதே மாதிரி.

தையல்காரர்: இருபது ஷில்லிங் ஆகும், தம்பி.

பணியாள்: வெட்டறதுக்கா? துணி என்னோடதுங்க!

தையல்காரர்: துணி உன்னோடது, பின்பக்கமும் உன்னோடது. இருபது ஷில்லிங் ராஜாவோடது.

பணியாள்: நல்ல தச்சனுக்கே நாளைக்கு ஆறு பென்ஸ்தான். நாற்பது நாள் கூலியைக் கேட்கிறீங்களே! நான் எதிர்க்கடையில பார்த்துக்கறேன்.

தையல்காரர்: கூலி இல்லப்பா, அபராதம்! லார்டுக்குக் கீழ இருக்கிற எவனும், நைட் பட்டம் வாங்கினவனா இருந்தாலும் சரி, முன்னும் பின்னும் மறையற மாதிரிதான் கோட்டு போடணும்.

பணியாள்: லார்டு?

தையல்காரர்: அவர் இஷ்டம்.

பணியாள்: மானம் மரியாதை எல்லாம் பெரிய இடத்துலதான்னு சொல்வாங்களே?

தையல்காரர்: மரியாதை அவங்களுக்கு. மானம் நமக்கு.

பணியாள்: சரி, எவ்வளவு நீளம் விடணும்?

தையல்காரர்: நிமிர்ந்து நின்னா மறையணும். சட்டத்துல அப்படித்தான் இருக்கு.

பணியாள்: குனிஞ்சா?

தையல்காரர்: குனியறதைப் பத்திப் பேச்சே இல்ல.

பணியாள்: என் வேலையே அதுதானே! எஜமான் கைகழுவத் தண்ணி ஊத்தக் குனியணும். உப்புக்கிண்ணம் வைக்கக் குனியணும். இறைச்சி வச்சுச் சாப்பிட்ட ரொட்டித் துண்டை எடுக்கக் குனியணும். நான் நிமிர்றதே ராத்திரி படுக்கும்போதுதான்.

தையல்காரர்: அப்போ உனக்கென்ன கவலை? காவலன் வந்தா சட்டுனு குனிஞ்சுக்கோ.

பணியாள்: குனிஞ்சா எல்லாம் தெரியுமே!

தையல்காரர்: தெரியட்டும். நிமிர்ந்தாத்தான் குற்றம்.

பணியாள்: எதுக்குங்க இப்படி ஒரு சட்டம்?

தையல்காரர்: நாம தகுதிக்கு மீறி உடுத்தறது கடவுளுக்குப் பிடிக்கலையாம். நாட்டுப் பணமும் அயல்நாட்டுக்குப் போகுதாம்.

பணியாள்: எஜமான் இப்பத்தான் இத்தாலி வெல்வெட் ஒரு கட்டு எடுத்தார்.

தையல்காரர்: அவர் கும்பிடறது வேற கடவுள் போல. காலைத் தள்ளி வை, உன் ஷூ நுனி என் துணியில குத்துது. எத்தனை அங்குலம் அது?

பணியாள்: ஆறு இருக்கும். மடங்காம இருக்க உள்ள பாசி அடைச்சிருக்கு.

தையல்காரர்: ரெண்டு அங்குலத்துக்கு மேல போனா மூணு ஷில்லிங் நாலு பென்ஸ்.

பணியாள்: ஐயோ, இது எஜமான் போட்டுக் கழிச்சதுங்க! நேத்து வரைக்கும் அவர் காலில்தான் இருந்துச்சு. அப்போ யாரும் ஒண்ணும் சொல்லலையே!

தையல்காரர்: ஷூ மேல குத்தமில்ல தம்பி. கால்தான் தப்பு.