ஓசி இடம்தானே!

அரிசோனாவில் குவார்ட்ஸைட் ஊருக்கு வெளியே, பிளோமோசா சாலையோரம், காலையிலிருந்து மண்டியிட்டு ஆணி பொறுக்கிக்கொண்டிருக்கிறேன். என் காரின் பின்பக்க டயரில் ஒன்று ஏறி, காற்றெல்லாம் போய்விட்டது. எவனோ சரக்கு அடுக்கும் மரப் பேலட்டுகளைக் கொண்டுவந்து குளிர்காய எரித்திருக்கிறான். கட்டை எரியும், ஆணி எங்கே போகும்? இதற்கென்ன பெரிய படிப்பா வேண்டும்?

இது பி.எல்.எம். நிலம், அதாவது அமெரிக்க அரசின் நில மேலாண்மைத் துறையுடையது. 28 நாளில் 14 நாள் வரை காசு கொடுக்காமல் டெண்ட் போட்டுத் தங்கலாம். தண்ணீர் கிடையாது, கழிப்பறை கிடையாது, குப்பைத் தொட்டியும் கிடையாது. கொண்டுவந்ததைத் திரும்ப எடுத்துப் போ, அவ்வளவுதான் கேட்கிறார்கள். அது முடியாது என்றால், பக்கத்திலேயே லா போசா என்ற முகாம் இடம் இருக்கிறது. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை பணம் கட்டித் தங்கலாம், வசதிகளும் உண்டு. அங்கே போய்த் தொலையுங்களேன்!

அந்தக் கிரியோசோட் புதர்களுக்குப் பின்னால் மட்டும் போய்விடாதீர்கள். ஒவ்வொரு புதரிலும் வெள்ளைக் கொடி மாதிரி டாய்லெட் பேப்பர் தொங்குகிறது. "மக்கிவிடும்" என்பார்கள். ஈரமே இல்லாத மண்ணில் எப்படி ஐயா மக்கும்? காய்ந்து அப்படியே கிடக்கும். கழிவைக் கட்டி எடுத்துப்போகவென்றே ஜெல் பொடி போட்ட பைகள் விற்கின்றன. அதைக் காரில் வைக்க முகம் சுளிக்கிறவர்கள், பின்னால் வருகிறவன் மிதிப்பானே என்று ஒரு நொடி யோசிப்பதில்லை.

நேற்று ராத்திரி கூத்து வேறு. கண்ணுக்கெட்டிய தூரம் காலி நிலம். ஒரு பெரிய வண்டி நேராக வந்து என் டெண்டுக்குப் பத்தடி தள்ளி நின்றது. பதினொரு மணி வரை ஜெனரேட்டர் தடதடவென்று ஓடியது. போய்ச் சொன்னேன். "இலவச இடம்தானே" என்றார் அந்த மனிதர். நட்சத்திரம் பார்க்க 300 மைல் வந்தவன், அவர் வண்டி விளக்கைப் பார்த்துக்கொண்டு படுத்தேன்.

யூட்டாவில் மோவாப் பக்கம் போய்ப் பாருங்கள். முன்பு நினைத்த இடத்தில் டெண்ட் போட்ட பல இடங்களில், இப்போது குறித்த இடத்தில் மட்டும்தான் தங்க முடியும். சும்மாவா வந்தது அந்தக் கட்டுப்பாடு? நாளை இங்கேயும் கயிறு கட்டுவார்கள். அப்போது முதலில் புலம்பப்போவது இந்த ஜெனரேட்டர்காரர்தான்.

காலையில் அவர் கிளம்பிவிட்டார். பீர் கேன்களை என் பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டு! காப்பி டப்பாவில் இதுவரை 43 ஆணி. சாம்பலில் பாதியைக்கூட நான் இன்னும் கிளறவில்லை.